ஏரிக்கரை ஸ்பீக்கரும் சிறுத்தையின் காதும்

ஒரு காட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. காட்டுக்கு எதற்கய்யா கம்ப்யூட்டர் என்று ஆரம்பத்திலேயே குறுக்கே பேசாதீர்கள். உங்கள் ஆபீசில் அது எதற்கு இருக்கிறதோ, அதற்குத்தான் அங்கேயும் இருந்தது. ஏற்கெனவே நன்றாக நடந்துகொண்டிருந்த ஒரு வேலையைப் பிடுங்கி அதில் ஏற்றி, அதற்கு ஒரு அதிகாரியையும் போட்டு வைத்திருந்தார்கள்.

என்ன வேலை என்றால், கத்துகிற வேலை. முன்பெல்லாம் சிறுத்தை மலையிலிருந்து இறங்கினால் மரத்து மேலே இருக்கிற கருமந்திகள் பார்த்துவிட்டுக் கத்தும். கீழே ஏரியில் தண்ணீர் குடிக்கிற மான்கள் அதைக் கேட்டு ஓடிவிடும். கருமந்திகள் சம்பளம் கேட்டதில்லை, லீவு கேட்டதில்லை. அதுதான் மேலிடத்துக்கு உறுத்தியது போலிருக்கிறது. "ஆளாளுக்கு இஷ்டத்துக்குக் கத்துவது ஒரு நிர்வாகமா?" என்று அவற்றைப் பக்கத்துக் காட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பதிலுக்கு மலைப்பாறையில் ஒரு கேமரா வைத்தார்கள். பாறைக்குக் கீழே ஒரு குகையில் கம்ப்யூட்டர். அங்கிருந்து நீளமாக ஒயர் இழுத்து, ஏரிக்கரை மருதமரத்தில் ஒரு கூம்பு ஸ்பீக்கர்.

பொய் சொல்லக் கூடாது, அது நன்றாகத்தான் வேலை செய்தது. சிறுத்தை கேமராவில் பட்டதும் ஸ்பீக்கரில் 'டிங் டாங்' என்று மணி அடிக்கும். பிறகு ஒரு மைனாவின் குரல், ரயில்வே ஸ்டேஷனில் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொல்லும். "கவனிக்கவும். சிறுத்தை வந்துகொண்டிருக்கிறது. கிழக்குத் துறையில் நிற்கும் மான்கள் உடனே மேட்டுக்கு ஓடவும்." மான்கள் எந்தத் துறையில் நிற்கின்றன என்பதையும் கேமராவே பார்த்துக்கொள்ளும். சிறுத்தை வந்து சேரும்போது கரையில் குளம்புத் தடம் மட்டும் இருக்கும். அந்தச் சிறுத்தையின் பெயர் சிங்காரம். பெயர்தான் சிங்காரம். வயிறு ஒட்டிப்போய், எலி பிடித்துத் தின்கிற நிலைமைக்கு வந்துவிட்டான்.

கம்ப்யூட்டருக்கு அதிகாரி கோதண்டம் என்ற காட்டுப்பன்றி. கெட்டவர் என்று சொல்ல முடியாது. அவருக்கு ஒரே ஒரு வியாதி, மைக். தினமும் காலையில் மான்கள் தண்ணீர் குடிக்க வரும் நேரம் பார்த்து மைக் பொத்தானை மூக்கால் அமுக்கி, "அன்பார்ந்த வனவாசிகளே" என்று ஆரம்பிப்பார். சேற்றில் குளிப்பதன் நன்மைகள் பற்றிப் பேசுவார். ஒழுக்கம் பற்றிப் பேசுவார். பேசி முடித்தது போல நிறுத்திவிட்டு, "மேலும்" என்பார். மைக் போட்டிருக்கும்வரை மைனாவின் குரலும் வாயை மூடிக்கொண்டிருக்கும், அப்படித்தான் அதைச் செய்து வைத்திருந்தார்கள். மான்கள் பல்லைக் கடித்துக்கொண்டு தண்ணீரைக் குடிக்கும்.

இந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. அமாவாசைக்கு அமாவாசை குறைதீர் கூட்டம் நடக்கும். அன்று யாரும் யாரையும் அடித்துத் தின்னக் கூடாது. சிங்காரம் அந்த வழக்கத்தை ஒருநாளும் மீறியதில்லை. அதற்காக அவனுக்கு நன்னடத்தைப் பரிசு கொடுத்தார்கள். காதில் செருகிக்கொள்கிற ப்ளூடூத் இயர்போன். மாதத்தில் ஒரு நாள் கொல்லாமல் இருந்ததற்குப் பரிசு! ஆயுசு முழுக்கக் கொல்லாமல் புல் தின்கிற மானுக்கு ஒரு பென்சில் கூடக் கிடையாது. பரிசு கொடுக்கும்போது கோதண்டம் அதை ஆபீஸ் கம்ப்யூட்டரோடு இணைத்து, "பாத்தியா, நல்லா வேலை செய்யுது" என்று காட்டிக் கொடுத்தார். இணைத்தவர் பிரிக்க மறந்துவிட்டார்.

ப்ளூடூத் அவ்வளவு தூரம் எட்டுமா என்று ஒருத்தர் கேட்பது காதில் விழுகிறது. பன்றி பேசுகிறதை ஒப்புக்கொண்டீர்கள் அல்லவா? இதையும் ஒப்புக்கொள்ளுங்கள்.

இப்படி இருக்கையில் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்து அதை ஆட்டிவைக்கிற ஓ.எஸ். பழசாகிவிட்டதாம், புதுசு போட வேண்டுமாம். பழசில் என்ன குறை என்று யாரும் சொல்லவில்லை. கெடாமல் இருந்ததுதான் குறையோ என்னவோ. 'சரி' என்று திரையில் வந்த இடத்திலெல்லாம் கோதண்டம் மூக்கால் அமுக்கினார். என்ன எழுதியிருந்தது என்று படித்தாரா? நீங்கள் படிக்கிறீர்களா? அப்புறம் என்ன, அவரை மட்டும் குறை சொல்ல வந்துவிட்டீர்கள்.

புது ஓ.எஸ். வந்தது. திரையைத் திறந்ததும் ஒரு காட்டின் படம். எந்தத் தேசத்துக் காடோ, ஊசி ஊசியாக மரம், அதன்மேல் பனி. "ஆகா, காடுன்னா இதுல்ல காடு!" என்று கோதண்டம் நிஜக் காட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து நாள் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் மான்கள் ஏரிக்கு வந்தன. ஸ்பீக்கரில் 'அன்பார்ந்த வனவாசிகளே' வரவில்லை. மான்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. அதற்கடுத்த நாளும் வரவில்லை. அந்தக் கூட்டத்தில் அஞ்சலை என்று ஒரு புள்ளிமான் இருந்தாள். கொஞ்சம் வாய்த்துடுக்கு. "அப்பாடா, ஒழிஞ்சுது சனியன்! யாரும் போய்ச் சொல்லிடாதீங்கடி, சரி பண்ணித் தொலைச்சிடப் போறாங்க" என்றாள் அவள். அவள் தங்கை பூவாயி சிரித்துப் புரையேறித் தும்மினாள். பேச்சு வருகிற ஸ்பீக்கரில்தான் டிங் டாங்கும் வரும் என்று அப்போது ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

அஞ்சலைக்குப் பொட்டு என்று ஒரு குட்டி. பொட்டுக்குப் பிறந்ததிலிருந்தே ஒரு பின்னங்கால் இழுக்கும். மற்ற குட்டிகள் சிறுத்தையைக் கண்ணால் பார்த்த பிறகு ஓடினாலும் பிழைத்துக்கொள்ளும். பொட்டு பிழைக்க வேண்டுமானால் முன்கூட்டியே டிங் டாங் வந்தாக வேண்டும். வேறு வழியே கிடையாது.

அன்று டிங் டாங் வரவில்லை. நாவல் புதருக்குள்ளிருந்து சிங்காரம் நேராகப் பாய்ந்தான். எல்லாரும் சிதறி ஓட, பொட்டு மட்டும் சேற்றில் காலை இழுத்துக்கொண்டு தடுமாறியது. பூவாயி திரும்பி ஓடிவந்து குறுக்கே விழுந்தாள். அஞ்சலை குட்டியை முகத்தால் முட்டி முட்டி மேட்டில் ஏற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது தங்கை இல்லை. தொண்டை கிழியக் கத்தி அழுதாள். யாரும் போய்ச் சொல்லிடாதீங்கடி என்று தானே சொன்னது நினைவுக்கு வந்து இன்னும் அழுதாள். அழுது முடித்ததும் நேரே ஆபீசுக்குப் போனாள்.

"ஐயா, ஸ்பீக்கர் வேலை செய்யலை. என் தங்கச்சி போயிட்டா."

கோதண்டம் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வேலை செய்யலைன்னு யார் சொன்னது? இங்க வா. இந்தப் பச்சைக் கோடு தெரியுதா? ஏறி இறங்குதா? சத்தம் போயிட்டிருக்குன்னு அர்த்தம்."

"எங்க போயிட்டிருக்கு? எனக்குக் கேக்கலையே."

"கேக்கலைன்னா என்ன, அதான் பாக்கிறியே! பழைய ஓ.எஸ்.ல சத்தத்தைக் கேக்க மட்டும்தான் முடியும். இதுல பாக்கவே முடியுது."

"ஏரிக்கரையில நிக்கிற மான் இங்க வந்து கோட்டைப் பாத்துட்டு அப்புறம் ஓடணுமாய்யா?"

கோதண்டம் யோசித்தார். "அதுக்கு வேணா ஒரு பாதை போட்டுத் தரச் சொல்றேன்" என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே சொன்னார். அதுதான் கொடுமை.

அஞ்சலை அந்த இடத்தை விட்டு நகரவில்லை. வேறு வழியில்லாமல் சர்வீசுக்கு ஆள் வரவழைத்தார்கள். வந்தவன் ஜெகதீசன் என்ற கீரி. வந்ததும் வராததுமாக, "ஆஃப் பண்ணி ஆன் பண்ணீங்களா?" என்று கேட்டான். பண்ணினார்கள், வரவில்லை. "இன்னொரு தடவை பண்ணுங்க." வரவில்லை. ஒயரைப் பிடுங்கிச் செருகினான். மருதமரத்தில் ஏறிக் கூம்பைத் தட்டினான். உள்ளேயிருந்து எறும்புதான் வந்தது. இன்டர்நெட்டில் தேடிப் பார்த்தான். எங்கோ ஒரு காட்டில் ஒரு கரடி இதே தொல்லையைச் சொல்லி உதவி கேட்டிருந்தது. அதற்குக் கீழே அதே கரடி, 'சரியாகிவிட்டது, நன்றி' என்று எழுதியிருந்தது. எப்படிச் சரியானது என்று மட்டும் எழுதவில்லை. அந்தக் கரடி என்றைக்காவது என் கையில் கிடைக்கட்டும், பேசிக்கொள்கிறேன்.

கடைசியில் ஜெகதீசன் வால்யூமை முழுசாகக் கூட்டி வைத்துச் சோதனை மணியை அமுக்கினான். ஏரிக்கரையில் ஒரு சத்தமும் இல்லை. ஆனால் அதே நொடியில் மலைப்பக்கம் 'ஆவ்!' என்று ஓர் அலறல் கேட்டது. மறுபடி அமுக்கினான். மறுபடி அலறல்.

அஞ்சலையின் காது விறைத்து நின்றது. "தம்பி, நீ அமுக்கும்போதெல்லாம் மலையில யாரோ கத்துறாங்களே?"

"அக்கா, நான் ஸ்பீக்கர் பாக்க வந்தேன். மலையைப் பாக்க வரலை."

"காடுன்னா யாராவது கத்திக்கிட்டுத்தான் இருப்பாங்க" என்றார் கோதண்டம்.

கம்ப்யூட்டரில் குறையில்லை, ஒயரில் குறையில்லை, ஸ்பீக்கரில் குறையில்லை என்று ஜெகதீசன் முடிவு கட்டினான். அப்படியானால் மிச்சம் இருப்பது மானின் காதுதானே? மான்களை வரிசையாக நிற்க வைத்துப் பின்னால் போய் ஒரு காய்ந்த குச்சியை ஒடித்தான். அத்தனை மானும் ஒரே பாய்ச்சலில் புதரைத் தாண்டிப் போய் விழுந்தன. "காதும் நல்லாத்தான் இருக்கு" என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னான், பாவம். நிறைய எதிர்பார்த்திருந்தான்.

அதன்பிறகு அஞ்சலை பொட்டை ஏரிப்பக்கமே விடவில்லை. பாறை இடுக்கில் ஒளித்து வைத்து, விடியற்காலையில் இலைமேல் நிற்கிற பனித்துளியை நக்கச் சொல்வாள். அது எந்த மூலைக்குக் காணும்? "தாகமா இருக்கும்மா" என்று குட்டி கேட்கும்போதெல்லாம் அஞ்சலைக்கு வயிறு எரியும். ஏரி கண்ணுக்கு எதிரே பளபளவென்று கிடந்தது. இதற்கிடையில் கூட்டத்தில் அவ்வப்போது ஒரு மான் குறைந்துகொண்டே வந்தது. சிங்காரம் இப்போதெல்லாம் தேடி அலைவதே இல்லை. எந்தத் துறையில் நின்றாலும் நேராக அங்கேயே வந்துவிடுகிறான். அவனுக்கு எப்படித் தெரிகிறது என்று மான்கள் மண்டையை உடைத்துக்கொண்டன.

அமாவாசை வந்தது. குறைதீர் கூட்டத்துக்கு எல்லா மிருகமும் ஆபீஸ் பாறைக்கு முன்னால் கூடின. அன்றைக்கு அடிதடி இல்லை என்பதால் மான்களும் தைரியமாகப் போய் உட்கார்ந்தன. எதிர் வரிசையில் சிங்காரம். ஆளே மாறிப்போயிருந்தான். உடம்பில் எண்ணெய் தடவினது போல மினுமினுப்பு, இரண்டு காதிலும் பரிசாக வாங்கிய இயர்போன்.

அஞ்சலை எழுந்து நின்றாள். "ஐயா, புது ஓ.எஸ். போட்டதிலேருந்து சத்தம் வரலை. செத்துக்கிட்டிருக்கோம். என் குட்டி கால் சரியில்லாதது. சத்தம் வந்தாத்தான் அது உசிரு தங்கும்."

"இது ஒருத்தர் சொல்றது" என்றார் கோதண்டம். "வேற யாருக்காவது இந்தப் பிரச்சினை உண்டா? சிங்காரம், உனக்கு எப்படி?"

சிங்காரம் பணிவாக எழுந்தான். "எனக்கு ஒரு குறையும் இல்லை சார். கணீர்னு கேக்குது. 'கிழக்குத் துறையில் நிற்கும் மான்கள்'னு அந்த மைனா சொல்றப்போ, பக்கத்துல நின்னு சொல்ற மாதிரியே இருக்கு. முன்னெல்லாம் துறை துறையா அலைவேன். இப்ப நேரா வந்துடறேன். கால்வலியே போயிடுச்சு."

அஞ்சலைக்கு அப்போதுதான் புரிந்தது. சத்தம் தொலைந்துபோகவில்லை. புது ஓ.எஸ். தன்னிஷ்டத்துக்கு ஸ்பீக்கரை விட்டுவிட்டு இயர்போனைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மானைக் காப்பாற்றச் சொல்கிற வார்த்தை ஒவ்வொன்றும் சிறுத்தையின் காதில் போய் விழுந்துகொண்டிருக்கிறது.

"ஐயா, கேட்டீங்களா? எங்களுக்கு வர வேண்டிய சத்தம் அவன் காதுக்குப் போகுது!"

"கேட்டேன். ஆக, சத்தம் வருது" என்றார் கோதண்டம். "நீ வரலைன்னு சொன்னே. அப்ப உன் புகார் பொய்ப் புகார்."

"என் காதுக்கு வரலைய்யா!"

"சத்தம் வருதா இல்லையாங்கறதுதான் எங்க பொறுப்பு. யார் காதுக்குங்கறது எங்க துறை கிடையாது."

சிங்காரம் தொண்டையைக் கனைத்தான். "ஒரே ஒரு சின்னக் குறை சார். அன்னைக்கு யாரோ வால்யூமைக் கூட்டிட்டாங்க. ரெண்டு காதும் இன்னும் கொய்ங்குது."

"அடடா! ஜெகதீசா, உடனே குறைச்சு வை. ஒரு பயனாளி இவ்வளவு கஷ்டப்பட்டிருக்காரு, நமக்குத் தெரியவே இல்லையே!" என்று கோதண்டம் பதறிப்போனார். ஜெகதீசன் ஓடிப்போய்க் குறைத்துவிட்டு வந்தான். குறை தீர்ந்தது. குறைதீர் கூட்டம் என்றால் சும்மாவா!

அஞ்சலை கீரியைப் பிடித்துக்கொண்டாள். "தம்பி, இதை ஸ்பீக்கருக்கு மாத்தவே முடியாதா?"

"ஒரே கிளிக்தான் அக்கா. இயர்போனை எடுத்துட்டு ஸ்பீக்கரைத் தொடணும். ஆனா புது ஓ.எஸ். அதுக்குப் பாஸ்வேர்டு கேக்கும். பாஸ்வேர்டு மேலிடத்துல இருக்கு. சார் கேட்டா அனுப்புவாங்க."

எல்லாரும் கோதண்டத்தைப் பார்த்தார்கள். அவரும் மான்களின் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்டுத்தான் பார்ப்போமே என்று வாயெடுத்தார். அப்போது சிங்காரம் சொன்னான், "காலையில சார் பேசறதும் எனக்கு நல்லா கேக்குது."

கோதண்டம் திகைத்துப் போனார். "கேக்குதா? முழுசாவா?"

"முழுசா சார். கழட்டவும் முடியாது, நீங்க முடிச்சதும் மைனா ஏதாவது சொல்லிட்டா?"

பின்பாதி கோதண்டத்தின் காதில் ஏறவில்லை. அவர் கண் கலங்கிவிட்டது. "இத்தனை வருஷம் பேசியிருக்கேன். இந்த மானுங்கள்ல ஒண்ணாவது நல்லாருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கா? கேக்குறதுக்குன்னு ஒரு ஜீவன் கிடைச்சிருக்கு. அதையும் பிடுங்கணுமா? ஒண்ணும் மாத்த வேண்டாம். கூட்டம் முடிஞ்சுது."

மான்கள் தலையைக் குனிந்துகொண்டு திரும்பிப் போயின. அஞ்சலை குனியவில்லை. அவள் மனசுக்குள் கொதித்தது. கொதிக்கக் கொதிக்க ஒரு யோசனை வந்தது.

மறுநாள் உச்சிவெயில். அந்த நேரத்தில் கோதண்டம் மூங்கில் புதருக்குப் பின்னால் சேற்றுக்குட்டையில் ஊறிக்கொண்டிருப்பார். ஜெகதீசன் மேசைக்கு அடியில் சுருண்டு தூங்குவான். அஞ்சலை பொட்டைப் பாறை இடுக்கில் உட்கார வைத்துவிட்டு ஆபீசுக்குள் நுழைந்தாள். மைக் பொத்தானைக் கோதண்டம் செய்வது போலவே மூக்கால் அமுக்கினாள். மைனாவின் குரலைத்தான் பிறந்ததிலிருந்து கேட்டிருக்கிறாளே, அதே நிதானத்தோடு ஆரம்பித்தாள்.

"டிங் டாங். கவனிக்கவும். சிறுத்தை வந்துகொண்டிருக்கிறது. மூங்கில் புதருக்குப் பின்னால் சேற்றுக்குட்டையில் படுத்திருக்கும் கொழுத்த மான்கள் உடனே ஓடவும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "மெதுவாக ஓடினால் போதும்" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

பச்சைக் கோடு அழகாக ஏறி இறங்கியது.

சிங்காரம் மூங்கில் புதரைத் தாண்டிக் குதித்தான். குட்டையில் மான் இல்லை. கோதண்டம்தான் சேற்றில் மல்லாந்து கிடந்தார். "அட, வா சிங்காரம்! என்னைத் தேடியே வந்துட்டியா?" என்று எழுந்து உட்கார்ந்தார். சிங்காரம் திரும்பிப் போகத்தான் நினைத்தானாம். பன்றியின் கோரைப்பல் என்றால் சிறுத்தைக்கும் கொஞ்சம் பயம்தான். ஆனால் கோதண்டம், "நாளைக்குப் பேச வேண்டியதை இப்பத்தான் யோசிச்சு வெச்சேன், கேக்குறியா?" என்றார். பதிலுக்குக் காத்திராமல், "அன்பார்ந்த வனவாசிகளே" என்று ஆரம்பித்தும்விட்டார். அதற்கு மேல் யாரால் பொறுக்க முடியும்? சிறுத்தையும் ஒரு உயிர்தானே.

இரங்கல் கூட்டம் சிறப்பாக நடந்தது. நிறைய மான்கள் வந்திருந்தன. ஜெகதீசனைத் தற்காலிக அதிகாரியாகப் போட்டார்கள். அவன் மேலிடத்துக்குச் சொல்லிப் பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டு அஞ்சலையிடம் ஓடிவந்தான். கெட்டிக்காரன், யார் எதைச் செய்தது என்று ஊகித்துவிட்டான். குரலில் மரியாதை கூடியிருந்தது.

"அக்கா, பாஸ்வேர்டு வந்துடுச்சு. ஒரே கிளிக். ஸ்பீக்கருக்கு மாத்திடட்டுங்களா?"

அஞ்சலை பாறை இடுக்கைப் பார்த்தாள். பொட்டு காலை இழுத்துக்கொண்டு வெளியே வந்து நின்றது.

"மாத்தினா என்ன ஆகும் தம்பி?"

"டிங் டாங்னு கேக்கும். நீங்கள்லாம் ஓடலாம்."

"ஓடணும். தினமும் ஓடணும். என் குட்டி எத்தனை நாளைக்கு ஓடும்? மாத்தாம இருந்தா அவன்ல ஓடறான், நான் சொல்ற பக்கம்." அஞ்சலை ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். "ஸ்பீக்கர் கிடக்கட்டும். மைக்கை மட்டும் எங்கிட்ட விட்டுடு."

ஜெகதீசன் கோதண்டத்தின் நாற்காலி காலியாக இருப்பதை ஒரு தடவை பார்த்தான். "அதுக்கென்னக்கா, உங்க மைக்குதான்" என்றான்.

அன்றிலிருந்து மைக் அணையவே இல்லை, மைனாவும் வாயைத் திறக்கவில்லை. அஞ்சலைதான் பேசினாள். தெற்குப் பள்ளத்தாக்கில் மான்கள் நிற்பதாகச் சொன்னாள். சிங்காரம் அங்கே ஓடினான். வடக்குச் சரிவில் நிற்பதாகச் சொன்னாள். அங்கேயும் ஓடினான். பொட்டு முதல்முறையாக ஏரியில் முழங்கால் தண்ணீரில் நின்று வயிறு புடைக்கக் குடித்தது. அதைப் பார்த்து அஞ்சலைக்கு வந்த சந்தோஷத்தை என்னால் சொல்ல முடியாது. நம் வீட்டுக் குழந்தை காய்ச்சல் விட்டு எழுந்து சோறு கேட்டால் நமக்கு எப்படி இருக்கும், அப்படி இருந்தது. கதையை இங்கேயே நிறுத்தினால் நன்றாகத்தான் இருக்கும். நிறுத்த விட மாட்டேன் என்கிறார்களே.

சிறுத்தை எத்தனை நாளைக்கு வெறும் இடத்தில் போய் நிற்பான்? முனகிக்கொண்டே, இயர்போனைக் கழற்றிப் பாறையில் வைக்க ஆரம்பித்தான். அவன் கழற்றிவிட்டால் எல்லாம் போயிற்று. அஞ்சலைக்குப் புரிந்தது. பொய்யாகவே சொல்லிக்கொண்டிருந்தால் நம்ப மாட்டான், நடுநடுவே ஒரு மெய்யும் சொல்லியாக வேண்டும். மெய் என்றால் எங்கேயாவது நிஜமாகவே மான் நிற்க வேண்டும். இக்கரையில் நிற்பது நம் மான்கள். அக்கரையில் நிற்பது யாரோ.

முதல் தடவை 'அக்கரைத் துறையில் நிற்கும் மான்கள்' என்று சொன்ன அன்று அஞ்சலைக்குத் தூக்கம் வரவில்லை. புரண்டு புரண்டு படுத்தாள். அடுத்த தடவை கொஞ்சம் வந்தது. பிறகு நன்றாகவே தூங்கினாள். இக்கரை மான்கள் அவளைக் கும்பிட்டன. அவளும் அவர்களுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லலாமே என்று, தினமும் காலையில் ஏரிக்கரையில் நின்று வாழ்க்கையைப் பற்றிக் கொஞ்சம் பேச ஆரம்பித்தாள். மான்கள் பல்லைக் கடித்துக்கொண்டு தண்ணீரைக் குடித்தன.

ஒருநாள் ஆபீஸ் வாசலில் அக்கரை மான் ஒருத்தி வந்து நின்றாள். பெயர் சின்னப்பொண்ணு. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"அக்கா, எங்க பக்கத்துக்கு ஒரு சத்தமும் வர்றதே இல்லை. அவன் எப்படித்தான் கண்டுபிடிக்கிறானோ தெரியலை. நேத்து என் குட்டியைத் தூக்கிட்டுப் போயிட்டான்."

இதே இடத்தில், இதே மாதிரி தான் நின்றது அஞ்சலைக்கு நினைவுக்கு வந்தது. பூவாயி நினைவுக்கு வந்தாள். வாய்விட்டு எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் துடித்தாள். அப்போது வெளியே பொட்டு புல்லில் உருண்டு விளையாடுகிற சத்தம் கேட்டது.

அஞ்சலை மெல்ல எழுந்து திரையைச் சின்னப்பொண்ணு பக்கம் திருப்பி வைத்தாள்.

"வேலை செய்யலைன்னு யாரும்மா சொன்னது? இங்க வா. இந்தப் பச்சைக் கோடு தெரியுதா? ஏறி இறங்குதா?"

நீதி: கம்ப்யூட்டரில் சத்தம் வரவில்லை என்றால் பதற வேண்டாம். ஸ்பீக்கரைத் தட்டவும் வேண்டாம். மைக் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் கையில் இருந்தால், அது கோளாறே இல்லை.